கன்னிமூலைச் சுவரைப் பிரித்தது யார்?

ஒரு சுவரை ஒரு தடவை இடித்தால் திருட்டு என்று சொல்லலாம். மூன்று தடவை பிரித்து, மூன்று தடவையும் செங்கல் ஒன்றுகூட உடையாமல் ஓரமாக அடுக்கி, உதிர்ந்த மண்ணையும் கூட்டி அள்ளி வைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்?

"என்ன பேரு வைக்கலாம், மதாரு?" என்று அருஞ்சுனை அண்ணன் என்னிடம் கேட்டார்.

"ரொம்ப நல்ல திருடன்னு வைக்கலாம்ணே. எங்க வீட்டுக்கும் ஒரு நடை வரச் சொல்லுங்க, ஒட்டடை அடிக்கணும்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சிரித்தால் எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு ஒரு பயம். அருப்புக்கோட்டையில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியிருப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு உதவியாளன், மதார் மைதீனாகிய நான் ஒருவன்தான். மூளை அவருடையது, சைக்கிள் என்னுடையது. அவருக்குச் சைக்கிள் ஓட்ட வராது. அதனால் அறுபத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயிலில் அந்த மூளையைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு, நூல் வியாபாரி சௌந்தரபாண்டியனின் வளவுக்கு நான்தான் வந்து சேர்ந்திருந்தேன்.

வளவு என்றால் ஒரே வாசல், வாசலிலிருந்து நீளமாக ஒரு நடை, நடை முடிந்தால் முற்றம், முற்றத்தைச் சுற்றி வீடுகள். முன்வீட்டில் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியும், தெருவுக்கே பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிற அவர் சம்சாரம் கோகிலாம்பாளும். மற்றதெல்லாம் வாடகைக் குடித்தனங்கள். முற்றத்தின் தென்மேற்கில், கன்னிமூலை என்கிறார்களே அங்கே, பின்சந்தைப் பார்த்த சுவரில், குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் பக்கத்தில் நல்ல பிள்ளைகளாக அடுக்கப்பட்ட செங்கற்கள்.

"மூணு தடவை அடைச்சாச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் கொத்தனாரு அடைச்சிட்டுப் போவாரு. விடிஞ்சு பாத்தா திறந்து கிடக்கு."

"முதல் தடவை ஓட்டை எப்படி வந்துச்சு அண்ணாச்சி?" என்றார் அருஞ்சுனை அண்ணன்.

"அது நான் இடிச்சது."

நான் வாயைப் பிளந்தேன்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு புதன்கிழமை, வளவில் குடியிருந்த பால்சாமி என்கிற கிழவர் இறந்துபோனார். குடும்பம் என்று யாரும் இல்லாத மனிதர். சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அண்ணாச்சி அன்றைக்குத் திருச்சுழிப் பக்கம் கொள்முதலுக்குப் போயிருந்தார். வளவு ஆண்கள் எல்லாரும் மில்லில் முதல் ஷிப்டு. மத்தியானப் பஸ்ஸில் அண்ணாச்சி திரும்பி வந்தபோது, 'விடியுமுன்னே உயிர் போயிருச்சு, அப்ப ரேவதி நட்சத்திரம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நட்சத்திரத்துக்கும் சுவத்துக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் மையித்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்கு, நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் இல்லை.

"உனக்குத் தெரியாதுல்ல. சில நட்சத்திரத்துல செத்தா அடைப்புன்னு சொல்லுவோம். பிரேதத்தை வாசல் வழியா எடுக்கக் கூடாது. எடுத்தா பின்னாலேயே இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுரும். சுவத்தை உடைச்சு, அந்த வழியா எடுத்து, உடனே அடைச்சிரணும். அவரு இருந்த வீட்டையும் ஆறு மாசம் பூட்டிப் போடணும். முதல் கடப்பாறை போட்டவனே நான்தான் தம்பி."

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. நடையில் வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்கின. போன வருஷம் நகராட்சியிலிருந்து வந்து பார்த்தவர்கள், இத்தனை அடுப்பு எரிகிற இடத்தில் தீப்பிடித்தால் அணைக்க மணல் வாளி வேண்டும், நடையில் நூல் பொதிகளை, அதுதான் பேல்களை, அடுக்கக் கூடாது, பின்பக்கம் இன்னொரு வழி கட்டாயம் வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அண்ணாச்சி வாளி வாங்கி மாட்டினார். அதிலும் பாதி மணல், வளவுப் பெண்கள் கடலை வறுக்க எடுத்துப் போய்விட்டார்கள். நடையில் பேல்கள் கூரை வரை நின்றன. ஆள் ஒருச்சாய்ந்துதான் நுழைய வேண்டும். பின்வழி?

"கன்னிமூலையில வாசல் வச்சா வம்சம் விளங்காது தம்பி. மனையடி சாஸ்திரத்துலயே இருக்கு. சர்க்காரு சொன்னாலும் நான் மாட்டேன்னுட்டேன்."

சர்க்கார் சொல்லி அசையாத மனிதர், ரேவதி என்று ஒரு வார்த்தை சொன்னதும் தன் கையாலேயே கடப்பாறை போட்டிருக்கிறார். அருஞ்சுனை அண்ணன் மூக்கைச் சொறிந்தார். அவர் மூக்கைச் சொறிந்தால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். சில சமயம் மூக்கு அரிக்கிறது என்றும் அர்த்தம்.

"யாரு மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? நேத்து ஒவ்வொரு வீட்டுத் தலைவனையும் கூப்பிட்டு, சூடத்தை ஏத்தி, 'நான் பிரிக்கல, யாரு பிரிச்சாகன்னும் தெரியாது'ன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். எல்லாப் பயலும் அணைச்சான். அணைக்காத ஆளு ஒண்ணுதான். அந்தக் கடைசி வீட்டு முத்துப்பேச்சி." அண்ணாச்சி குரலை உயர்த்தினார். வளவுக்கே கேட்கட்டும் என்றுதான். "பிரிச்ச வீடு எதுன்னு நீங்க சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்த வீடு காலி!"

முத்துப்பேச்சி அக்கா ஓட்டையை ஒட்டிய கடைசி வீட்டில் சேவு பிழிந்து விற்றுப் பிழைக்கிறவர். புருஷன் இல்லை. அதனால்தான் 'வீட்டுத் தலைவன்' வரிசையில் அவர் ஒரு பெண்ணாக நிற்க வேண்டி வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளே பாடப்புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தன.

"சூடத்தை அணைச்சிருக்கலாமேக்கா?" என்றேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா தம்பி?"

"அப்ப நீங்கதான் பிரிச்சீகளா?" என்றார் அருஞ்சுனை அண்ணன்.

"நான் எதுவும் சொல்லலண்ணே. எனக்குப் பொய்யும் வராது, ஆளைக் காட்டிக் குடுக்கவும் வராது." சேவு உரலை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார். "பாலவனத்தத்துல நாங்க இருந்ததும் இப்படி ஒத்த வாசல் வளவுதான். தீ பிடிச்சது வாசப்பக்கம். எங்க வீட்டுக்காரரு பிள்ளைகளைச் சுவத்துக்கு மேல தூக்கிப் போட்டாரு, என்னையும் ஏத்திவிட்டாரு. அவரை ஏத்திவிட ஆளில்ல. அந்த ஓட்டையைப் பாத்தாத்தான்ணே எனக்கு ராத்திரி தூக்கம் வருது."

"வீடு போனா?"

"எங்க போவேன்? ரெண்டு பொம்பளப் பிள்ளைகளோட தனியா இருக்கவளுக்கு எவன் வீடு குடுக்கான்? இந்த வீட்டுக்கே பத்துத் தெரு ஏறி இறங்குனேன்." கண் கலங்கிவிட்டது. உடனே எங்களுக்கு ஒரு தட்டில் சேவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் அதைத் தொடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன்.

முற்றத்துச் சுவரில் பால்சாமியின் படம் மாலையோடு தொங்கியது. இறந்த அன்று நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த படம். அருஞ்சுனை அண்ணன் அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். நான் தட்டைக் காலி செய்து, தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டும் அவர் நகரவில்லை.

"மதாரு, தாத்தா முகத்தைப் பாரு. நாடி எப்படி இருக்கு?"

"மோவாய் மழுமழுன்னு இருக்கு. நம்மளைவிட லட்சணமா இருக்காரு."

"நாடியில ஒரு இடம் மட்டும் ரொம்ப வெளுப்பா இல்ல?"

உற்றுப் பார்த்தால் ஆமாம். சுருக்கம் நிறைந்த முகத்தில், ஒரு உளுந்து அளவு இடம் மட்டும் சுருக்கமே இல்லாமல் வெளேரென்று இருந்தது.

"எடு சைக்கிளை" என்றார்.

படம் எடுத்தது ஜமால் மைதீன். எனக்கு மச்சான் முறை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் அவனுக்கு ஒரே மாதிரிதான், 'அசையாமல் இருங்கள்' என்பான். செத்தவர்கள்தான் அவன் பேச்சைக் கேட்கிறவர்கள்.

"டச்சப் பண்ணினது நான்தான்" என்றான் ஜமால். "பிரஷ்ஷால ஒரே இழுப்பு. தெரியுதா என்ன? தெரியக் கூடாதே!"

"எதை மறைச்சே?" என்றார் அண்ணன்.

ஜமால் மேஜையைக் கலைத்து, பழைய பிரதி ஒன்றை எடுத்து நீட்டினான். அதே நாற்காலி, அதே பால்சாமி. நாடியில் கறுப்பாக ஒரு கீறல். கத்தி பட்ட வெட்டு. இரத்தம் கசிந்து உறைந்திருந்தது.

"சவரக் கத்தி பட்டிருக்கு" என்றான் ஜமால். "படத்துல இருந்தா நல்லாருக்காதுன்னு எடுக்கச் சொன்னாக."

"யாரு சொன்னாக?"

"முன்வீட்டு அம்மா. கோகிலாம்பாள். அவுகளே வந்து, கிட்ட நின்னு, 'இன்னும் கொஞ்சம் வெள்ளை வை, இன்னும் கொஞ்சம்'னு சொல்லிப் பாத்துட்டுப் போனாக. என் வேலையில அவ்வளவு அக்கறை எடுத்தவுக அவுக ஒருத்தருதான் மச்சான். எனக்குப் பெருமையாப் போச்சு."

வெளியே வந்ததும் அருஞ்சுனை அண்ணன் கேரியரில் ஏறாமல் நின்றார்.

"ஏலே, செத்தவனுக்குச் சவரம் பண்ணினா ரத்தம் வருமா?"

"உயிரோட இருக்கும்போதே நமக்குச் சம்பளம் வர மாட்டேங்குது, செத்தவனுக்கு ரத்தம் எங்க வரும்?"

"அப்ப உயிரோட இருக்கும்போது பண்ணின சவரம். படம் எடுத்தது புதன்கிழமை. அதுக்கு முந்தின நாளு?"

"செவ்வாய்." சொல்லிவிட்டு நானே நெற்றியில் அடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஊரில் எந்தச் சலூனும் திறக்காது. எவனும் கத்தியைத் தொட மாட்டான். திங்கட்கிழமை பண்ணிய சவரம் என்றால் புதன்கிழமைக்குள் நாடியில் நெல் நாற்று விட்டிருக்கும்.

"அப்ப புதன்கிழமை காலையில பண்ணின சவரம்ணே! சலூன் திறக்கிறதே விடிஞ்சு நல்லா வெயில் ஏறின பிறகு. விடியுமுன்ன செத்த மனுஷன் எப்படிப் போய்…"

"பாளையம்பட்டி ரோட்டுல தாத்தா போற சலூன் இருக்கு. மிதி."

சலூன்காரர் பாதிக் கன்னத்தில் சோப்போடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு எங்களுக்குப் பதில் சொன்னார். "அன்னைக்கு முதல் போணியே பால்சாமி அண்ணன்தான். தும்மிட்டாரு, கத்தி பட்டுருச்சு. 'நீ என்னைக் கொல்லப் பாக்கே'ன்னு வைஞ்சிட்டுப் போனாரு. போன கொஞ்ச நேரத்துல போய்ச் சேந்துட்டாருன்னு சேதி வருது. எனக்குக் கையே ஓடல. அன்னைக்கு முழுக்க எவனும் என்கிட்ட நாடியைக் காட்டலண்ணே."

அருஞ்சுனை அண்ணனை ஏற்றிக்கொண்டு வளவுக்குத் திரும்பினேன். வழக்கமாக ஒரு கேஸ் அவிழ்ந்தால் கேரியரில் உட்கார்ந்து காலை ஆட்டுவார், சைக்கிள் தள்ளாடும். இன்றைக்குச் சைக்கிள் நேராகப் போனது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரேவதி விடியற வரைக்கும்தான் இருந்திருக்கும்" என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் அசுவினி. அசுவினிக்கு அடைப்பு இல்ல. நட்சத்திரம் நிசம், நேரம்தான் பொய். அந்தத் தெருவுக்கே பஞ்சாங்கம் பாத்துச் சொல்றது யாரு?"

"முன்வீட்டம்மா."

"இதைச் சொன்னா ஒரு குடும்பம் நாறும். சொல்லாட்டி ஒரு குடும்பம் தெருவுக்கு வரும்."

"ஆவி பிரிச்சுச்சுன்னு சொல்லிருவோமா? பாவம், அது மறுத்துப் பேசாது."

"சொல்லலாம். அடுத்த நாளே மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்து, சிமிண்டு போட்டு அடைச்சிருவாரு."

வளவு வாசலுக்கு வந்தபோது ஒரு லாரி நின்று லோடு இறங்கி முடிந்திருந்தது. சுமைக்காரர்கள் கடைசிப் பேலையும் எங்களுக்குப் பின்னாலேயே நடைக்குள் உருட்டித் தள்ளிவிட்டு, அடுக்குவதைச் சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று லாரியோடு போய்விட்டார்கள். நாங்கள் ஒருச்சாய்ந்து வந்த இடுக்கும் மூடிக்கொண்டது.

முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். முத்துப்பேச்சி அக்கா பாத்திரங்களை ஏற்கெனவே சாக்கில் கட்டியிருந்தார். சின்னப் பெண் சேவு உரலை மடியில் வைத்துக்கொண்டு அழுதது.

"ஆளு தெரிஞ்சுபோச்சா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு கேட்டுக்கிடுறேன். எந்த வீடா இருந்தாலும் காலிதானா?"

"எந்த வீடா இருந்தாலும்!"

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"யோசிக்க என்ன கிடக்கு? நான் பேச்சு மாறுறவனா?"

"அப்ப உங்க வீட்டுச் சாமானைத்தான் முதல்ல கட்டணும்."

அருஞ்சுனை அண்ணன் பழைய பிரதியை நீட்டி, வெட்டையும் செவ்வாய்க்கிழமையையும் சலூன்காரரையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். டச்சப் பண்ணச் சொன்னது யார் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். அண்ணாச்சி படத்தையும் முன்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோகிலாம்பாள் அம்மா வாசல்படியில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சீக தம்பி. ஒண்ணு மட்டும் விட்டுட்டீக. செங்கலை நான் ஒருத்தி சுமக்கல. எனக்கு மூட்டுவலி." அவர் சுற்றிலும் பார்த்தார். வளவுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆண்கள் அவர்களைப் பார்த்தார்கள். சத்தியம் பண்ணிய ஆண்கள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பெண்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கோகிலா! செத்த மனுஷன் மேல பொய் சொல்லி, என் கையாலேயே கன்னிமூலையை இடிக்க வச்சிட்டியேடி!"

"ஆமா, வச்சேன்!" குரல் இறங்கவில்லை. "எத்தனை வருஷமாச் சொன்னேன்? வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் டின்னு. வாசலை அடைச்சு நூலு. ஒரு பீடி விழுந்தா இத்தனை பிள்ளைகளும் எந்த வழியா ஓடும்னு கேட்டேன். சாஸ்திரம்னீக. நகராட்சிக்காரக சொன்னாக. வாளி வாங்குனீக. உங்களுக்குப் புத்தி சொன்னா ஏறாது, பயம் காட்டினாத்தான் ஏறும். பால்சாமி அண்ணன் போனப்ப அழுதுக்கிட்டே நினைச்சேன், மூணு மணி நேரம் முன்னாடி போயிருந்தா இந்தச் சுவரு உடைஞ்சிருக்குமேன்னு. சரின்னு மூணு மணி நேரம் முன்னாடியே அனுப்பி வச்சிட்டேன். அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு."

"முத்துப்பேச்சி அக்கா மேல பழி விழுந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

"நேத்தே சொல்ல வந்தேன்யா. இவதான் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க சொல்லிட்டா சுவரு நிரந்தரமா அடைஞ்சிரும், நான் போறேன், ஓட்டை இருக்கட்டும்மா'ன்னா." கோகிலாம்பாள் அம்மா அழுதுவிட்டார். முத்துப்பேச்சி அக்காவும் அழுதார். நான் கண்ணில் தூசி விழுந்தவன் மாதிரி நடித்தேன்.

பிறகு அந்த அம்மா உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வெளியே வந்தார். "பேச்சு மாற வேண்டாம். நான் காலி பண்றேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்." நடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பேல்கள்தான் தெரிந்தன. நேராகக் கன்னிமூலைக்குப் போய், குனிந்து, பெட்டியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"கோகிலா!" அண்ணாச்சி பதறிப்போய் வாசலுக்கு ஓடினார். முதல் பேலைத் தள்ளிப் பார்த்தார். இரண்டாவதில் ஏறிச் சறுக்கினார். "எடுங்கடா இதை! எவன்டா இங்க அடைச்சான்?" என்று கத்தினார். நடையில் பேல் அடுக்கச் சொன்னவர் அவர்தான் என்பதை அவருக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. திரும்பி ஓடிவந்து ஓட்டையில் தலையை விட்டார். தோளும் போனது. அதற்கு மேல் போகவில்லை. பெண்கள் தங்கள் அளவுக்குத்தான் பிரித்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, முன்னாடி வாரீகளா, பின்னாடி வாரீகளா?" என்றேன்.

"ரெண்டும் வரல தம்பி!" என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. கால்கள் இரண்டும் இந்தப் பக்கம் உதைத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் உதைப்பதும் நின்றது. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. "கோகிலா, எனக்கு மூச்சு முட்டுதுடி."

"முட்டட்டும்" என்றது அந்தப் பக்கம். "இது வெறும் சுவரு. பின்னாடி தீயும் வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க."

எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூட.

அருஞ்சுனை அண்ணன் குனிந்து, கால்களைப் பார்த்துக் கேட்டார்: "கொத்தனாரைக் கூப்பிடவா அண்ணாச்சி?"

"கூப்பிடு."

"அடைக்கவா?"

"அடைக்கிறதா? இடிக்கச் சொல்லுய்யா! நல்ல வேம்புல நிலை வச்சு, கதவு போடச் சொல்லு. பூட்டு வேண்டாம், தாழ்ப்பாள் போதும்." மறுபடி மூச்சு வாங்கியது. "முத்துப்பேச்சி அங்க நிக்கா?"

"நிக்கேன் முதலாளி."

"சாக்கை அவுத்து வையி தாயி. கொத்தனாருக்கு அகலம் தெரியணும். என் இடுப்பை அளந்து சொல்லு, அதுக்கு மேல ஒரு முழம் கூட்டிக்கிடச் சொல்லு."

முத்துப்பேச்சி அக்கா சாக்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அளக்கப் போனார்.